செஞ்சிக் கோட்டை: ஏறிப் பார்க்க விரும்புவோருக்கு, கதைகளோடும் வரலாற்றோடும் ஒரு முழுமையான வழிகாட்டி

செஞ்சிக் கோட்டை என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டில் பெரும்பாலோரின் நினைவுக்கு வருபவர் ராஜா தேசிங்கு. கோட்டையைக் கட்டியவரே அவர்தான் என்று நம்புகிறவர்களும் பலர் உண்டு. ஆனால் 1714ஆம் ஆண்டு அக்டோபரில் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்துப் போரிட்டு மாண்ட அந்த இளைஞர், கோட்டையின் பொறுப்பை ஏற்று ஒரு வருடம்கூட நிறைவடையவில்லை. அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த மலைகளில் மதில் எழும்பிவிட்டது. ஏறத்தாழ 800 ஆண்டுக் கால வாழ்வு கொண்ட ஒரு கோட்டையில் சில மாதங்களே இருந்த ஒருவரின் பெயர் மட்டும் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது என்பது செஞ்சியைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. செஞ்சியில் ஒவ்வொரு பாறைக்கும் குளத்துக்கும் ஒரு கதை இருக்கிறது, அந்தக் கதைக்கு அடியில் ஒரு வரலாறும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல், இரண்டில் எதையும் இழந்துவிடாமல் இந்தக் கோட்டையைச் சுற்றிப் பார்ப்பதற்கான வழிகாட்டுதலாகவே இதை எழுதுகிறேன்.

முதற்படி: புறப்படும் முன் காலவரிசையை மனத்தில் வாங்கிக்கொள்ளுதல்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டுப் போகிறவர்களுக்குச் செஞ்சி வெறும் கல்லும் படிக்கட்டுமாகவே தெரியும். ஆகவே ஆட்சியாளர்களின் வரிசையையாவது சுருக்கமாக அறிந்துகொண்டு செல்வது நல்லது.

மரபுவழிச் செய்தியின்படி, இங்கே முதலில் அரண் அமைத்தவர்கள் கோனார்கள். ஆடு மேய்த்த ஆனந்தக் கோன் என்பவருக்கு மலையில் புதையல் கிடைத்தது என்றும், அந்தச் செல்வத்தைக் கொண்டு 1190 வாக்கில் அவர் சுற்றுவட்டாரத்தைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்து, கமலகிரி என்று வழங்கிய மலைக்கு ஆனந்தகிரி எனப் பெயரிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. இன்று நாம் ராஜகிரி என்று அழைப்பது அந்த மலையைத்தான். அவருடைய மரபில் வந்த கிருஷ்ணக் கோன் 13ஆம் நூற்றாண்டில் வடக்கு மலையை அரண் செய்ததால் அது கிருஷ்ணகிரி ஆயிற்று என்பதும் அதே மரபின் கூற்று. இந்தச் செய்திகள் பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட ஊர் வரலாறுகள் வழியாகவே நமக்குக் கிடைக்கின்றன. ஆகவே புதையலைக் கதையாகவும், இந்நிலத்தின் கால்நடைச் சமூகங்களிலிருந்தே முதல் தலைவர்கள் எழுந்தார்கள் என்பதை அக்கதை காத்துவைத்திருக்கும் நினைவாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு விஜயநகரப் பேரரசின் கீழ் செஞ்சி நாயக்கர்கள் வந்தார்கள். மதுரை, தஞ்சை நாயக்கர்களைப் பற்றிப் பேசும் அளவுக்குச் செஞ்சி நாயக்கர்களைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஆயினும் இன்று நாம் வியந்து பார்க்கும் களஞ்சியங்கள், கல்யாண மகால், வேங்கடரமணர் கோயில் ஆகிய பெரும் கட்டுமானங்களில் மிகுதியும் அவர்கள் காலத்தவை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த ஏசு சபைப் பாதிரியார் பிமெந்தா, செஞ்சியைத் தாம் இந்தியாவில் கண்ட மிகப்பெரிய நகரங்களுள் ஒன்றாக வியந்து எழுதினார். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பீஜப்பூர் சுல்தானின் படை கோட்டையைக் கைப்பற்றியது. 1677இல் சிவாஜி அவர்களிடமிருந்து பெற்று, மதில்களையும் அகழிகளையும் பீரங்கிப் போருக்கு ஏற்றவாறு வலுப்படுத்தினார். அவருடைய மகன் ராஜாராம் முகலாயர்களிடமிருந்து தப்பித் தெற்கே வந்தபோது செஞ்சியே மராட்டிய அரசின் தலைநகரமாக விளங்கியது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிவுக்கு வந்தது. கோட்டை விழுவதற்கு முன்பே ராஜாராம் தப்பிச் சென்றுவிட்டார்.

முகலாயர்கள் கோட்டைக் காவலைப் புந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங்கிடம் ஒப்படைத்தார்கள். அவருடைய மகன் தேஜ் சிங்தான் நம் தேசிங்கு. அவருக்குப் பின் ஆர்க்காட்டு நவாபுகள், 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள், 1780இல் ஹைதர் அலி, இறுதியில் மீண்டும் ஆங்கிலேயர்கள் என்று கை மாறி, 19ஆம் நூற்றாண்டில் போர்த்தேவை எதுவும் இல்லாமல் கோட்டை பாழடைந்தது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளுள் தமிழ்நாட்டில் உள்ள ஒரே கோட்டை செஞ்சி. மராட்டியர் பெயரால் அந்தச் சிறப்பு வந்திருந்தாலும், அங்கே நிற்கும் கல்லில் பாதிக்கு மேல் அவர்களுக்கு முந்தைய கைகள் வைத்தவை என்பதை மறந்துவிடக் கூடாது.

இரண்டாம் படி: காலமும் பயணமும்

நவம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரையிலான மாதங்களே ஏறுவதற்கு ஏற்றவை. மழை விட்ட பின் குளங்களில் தண்ணீர் நிற்கும், பாறை இடுக்குகளில் பசுமை இருக்கும், வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் கருங்கல் பாறை காலை பத்து மணிக்கே சூடேறிவிடும். அந்தக் காலத்தில் குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக்கொண்டு ராஜகிரி ஏறுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மழை பெய்துகொண்டிருக்கும்போது படிகள் வழுக்கும் என்பதால் அதுவும் உகந்ததன்று.

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையிலான நெடுஞ்சாலையில் செஞ்சி இருக்கிறது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர், திண்டிவனத்திலிருந்து ஏறத்தாழ 28 கிலோமீட்டர், திருவண்ணாமலையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை செல்லும் பேருந்துகள் செஞ்சியில் நிற்கும். ரயிலில் வருபவர்கள் திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். கோட்டை, ஊரின் மேற்குப் புறத்தில், பேருந்து நிலையத்திலிருந்து ஓரிரு கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால் ஆட்டோவில் போய்விடலாம். ஆனால் ஆட்டோ ஏறும் முன் ஊருக்குள்ளேயே காலை உணவை முடித்துக்கொண்டு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நுழைவாயிலைத் தாண்டிய பின் மலையில் எதுவும் கிடைக்காது.

பைக்குள் வைக்க வேண்டியவை அதிகமில்லை. தண்ணீர், தொப்பி, பிடிமானமுள்ள காலணி, கொஞ்சம் கடலை மிட்டாய் அல்லது பேரீச்சம்பழம் ஆகியவை போதும். எல்லாவற்றையும் மூடிய தோள்பையில் வையுங்கள், கையில் பாலித்தீன் பை வேண்டாம். செஞ்சிக் குரங்குகளுக்குப் பாலித்தீன் பையின் சத்தம் நன்றாகப் பழக்கம். பையைத் தொங்கவிட்டுக்கொண்டு படியேறுகிறவரிடம் அவை கூட்டமாக வந்து பறிக்கும்போது, அதிர்ச்சியில் கால் தவறுவதுதான் உண்மையான ஆபத்து. அவற்றுக்கு உணவு கொடுப்பதும் அடுத்து வருகிறவருக்கு நாம் செய்யும் தீங்கே.

மூன்றாம் படி: ஏறுவதற்கு முன் நின்று பார்த்தல்

கோட்டைக்கு வந்ததும் நேராக டிக்கெட் வாங்கி ஏறத் தொடங்கிவிடாமல், சாலையோரத்தில் சிறிது நேரம் நின்று மூன்று மலைகளையும் இனங்கண்டுகொள்ளுங்கள். சாலைக்குத் தெற்கே, மேற்குப் புறத்தில் செங்குத்தாக நிற்பது ராஜகிரி. சாலைக்கு வடக்கே இருப்பது கிருஷ்ணகிரி. தென்கிழக்கில் புதர் மண்டிக் கிடப்பது சந்திரகிரி. இம்மூன்றையும் இணைத்துச் சுற்றிவரும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர், அது வளைக்கும் பரப்பு 11 சதுர கிலோமீட்டர். நீங்கள் நிற்கும் நெடுஞ்சாலையே அந்தப் பழைய மதிலை ஊடறுத்துக்கொண்டுதான் போகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, கட்டியவர்கள் மலையை எதிர்த்துக் கட்டவில்லை என்பதுதான். பாறை செங்குத்தாக இருக்கும் இடத்தில் மதில் இல்லை, அங்கே பாறையே மதில். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆள் நுழையும் இடைவெளி இருந்தால் அதை மட்டும் கல் அடுக்கி அடைத்திருக்கிறார்கள். சமதளத்தில்தான் மதில் பருமனாகி, அதன் முன்னே ஏறத்தாழ 80 அடி அகல அகழியும் சேர்கிறது. எதிரி எங்கே வலுவாக வருவானோ அங்கே மட்டும் உழைப்பைக் கொட்டிய அந்தக் கணக்கு, மேலே போகப் போக இன்னும் தெளிவாகும்.

தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டைக் கோட்டை வாயிலில் வாங்க வேண்டும். அதைத் தொலைத்துவிடாதீர்கள், கிருஷ்ணகிரியிலும் கேட்பார்கள். பார்வை நேரம் காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை. ஆனால் பிற்பகல் ஆகிவிட்டால் ராஜகிரி உச்சிக்கு ஏற அனுமதிப்பதில்லை. ஆகவே வாயில் திறக்கும் நேரத்துக்கே அங்கே இருப்பது நல்லது. அடிவாரக் கட்டடங்களைப் போகும் வழியில் ஓரளவு பார்த்துவிட்டு, மலையேறி இறங்கிய பின் நிழலில் நிதானமாக மறுபடி பார்ப்பதே சரியான வரிசை.

நான்காம் படி: ராஜகிரி அடிவாரத்து உட்கோட்டை

உள்ளே நுழைந்ததும் புல்வெளியின் நடுவே உயர்ந்து நிற்பது கல்யாண மகால். நாற்புறமும் அறைகளும் நடைகூடங்களும் சூழ்ந்த முற்றத்தின் நடுவில், அடுக்கடுக்காக எழுந்து கூம்பு வடிவக் கூரையில் முடியும் கோபுரம் அது. தூரத்திலிருந்து மாளிகைபோலத் தெரிந்தாலும், உள்ளே ஒவ்வொரு தளத்திலும் ஒரே அளவிலான சின்னஞ்சிறு அறை ஒன்றுதான் இருக்கிறது, அதைச் சுற்றி வளைவுகள் திறந்திருக்கின்றன. காற்று நாலா பக்கமும் ஊடுருவிப் போகுமாறு அமைத்திருப்பதை அங்கே நின்றால் தோலிலேயே உணரலாம். மேல் தளங்களுக்கு மண்குழாய்கள் வழியாகத் தண்ணீர் கொண்டுசென்றிருக்கிறார்கள். சுண்ணச்சாந்து உதிர்ந்த இடங்களில் செங்கல்லைக் கவனியுங்கள். கருங்கல் மலைக்கு நடுவே, கோபுரத்தின் எடையைக் குறைப்பதற்காக மேலே செல்லச் செல்லச் செங்கல்லையும் சுண்ணத்தையுமே நம்பியிருக்கிறார்கள்.

அதற்கு அருகிலேயே குதிரை லாயங்கள், உடற்பயிற்சிக் கூடம், யானைக்குளம், மாபெரும் களஞ்சியங்கள் ஆகியவை உள்ளன. பெரும்பாலோர் இந்தக் களஞ்சியங்களை எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், செஞ்சியில் கட்டாயம் உள்ளே சென்று நின்று பார்க்க வேண்டிய கட்டடம் இதுவே. கூரை வளைவுகளும், தானியத்தின் அழுத்தத்தைத் தாங்கும் பருத்த சுவர்களும், அடுத்தடுத்து நீளும் இருண்ட அறைகளும் சேர்ந்து ஒரு முற்றுகை எப்படித் தாக்குப்பிடிக்கப்பட்டது என்பதைச் சொல்லிவிடும். எட்டு ஆண்டு முற்றுகையைப் படையின் வீரத்தால் மட்டும் கடந்துவிட முடியாது. நெல்லும் நீரும் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஏற்றமும் கமலக்கண்ணியும்

ராஜகிரியின் உச்சி ஏறத்தாழ 800 அடி உயரத்தில் இருக்கிறது. படிகள் ஆயிரத்துக்கும் மேல். இடையிடையே நின்று பார்த்துக்கொண்டு ஏறினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். தொடக்கத்தில் படிகள் அகலமாகவும் சரிவு மென்மையாகவும் இருக்கும், மேலே போகப் போகக் குறுகிச் செங்குத்தாகும். வேகமாக ஏறத் தொடங்கிப் பாதியில் களைத்துப்போவதைவிட, முதல் நூறு படிகளை வேண்டுமென்றே மெதுவாக ஏறுவது நல்லது. மூட்டு வலியோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் அடிவாரக் கட்டடங்களோடு நிறுத்திக்கொள்ளலாம், அதுவே ஒரு முழுக் காலைப் பொழுதுக்குப் போதுமான காட்சிதான்.

வழியில் ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள் வரும். ஒவ்வொரு வாயிலிலும் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். எந்த வாயிலையும் நேராக அணுக முடியாதபடி பாதையைத் திருப்பியிருக்கிறார்கள். யானையாலோ பெரிய மரக்கட்டையாலோ கதவை மோதுவதற்கு வேகம் எடுத்து ஓடிவர இடமே இல்லை. அப்படித் திரும்பும்போதெல்லாம் ஏறுகிறவனின் பக்கவாட்டு, மேலே நிற்கும் காவலனின் கண்ணுக்கு நேராக வருகிறது.

ஏற்றத்தின் நடுவே கமலக்கண்ணியம்மன் கோயில் வரும். செஞ்சி வட்டாரத்தில் கன்னிமார் எழுவர் காவல் தெய்வங்களாக வழிபடப்படுகிறார்கள். செஞ்சியம்மன் அவர்களுள் ஒருத்தி என்பதும், ஊருக்குப் பெயர் தந்தவளே அவள்தான் என்பதும் இங்கத்து நம்பிக்கை. கமலகிரியைக் காப்பவள் கமலக்கண்ணி. மன்னர்கள் எத்தனை பேர் மாறினாலும், பீஜப்பூரும் மராட்டியமும் முகலாயமும் பிரெஞ்சும் வந்து போனாலும், மலையின் உரிமை அம்மனிடமே இருக்கிறது என்பதுதான் இந்த வழிபாட்டின் உட்பொருள் என்று நான் கருதுகிறேன். கோட்டையில் இருந்த அரண்மனைகள் எல்லாம் இடிந்துவிட, இன்றும் விளக்கேற்றப்பட்டுக் குங்குமம் வைக்கப்படும் இடம் இந்தச் சிறு கோயில்தான். இது வழிபாட்டில் உள்ள இடம் என்பதை மனத்தில் வைத்து, காலணியைக் கழற்றி, படம் எடுக்கும் முன் கேட்டுக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: பிளவும் உச்சியும்

உச்சிக்குச் சற்று முன்னால் மலை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட இயற்கைப் பிளவு அது. முற்காலத்தில் அதன்மேல் இழுத்து எடுத்துவிடக்கூடிய மரப்பாலம் இருந்தது. பாலத்தை எடுத்துவிட்டால், கீழுள்ள வாயில்கள் எல்லாம் வீழ்ந்த பின்னும் உச்சியில் இருப்பவர்கள் தனித் தீவில் இருப்பதுபோல் பாதுகாப்பாக இருக்கலாம். இப்போது நிலையான பாலம் போடப்பட்டிருக்கிறது. அதன் நடுவில் நின்று கீழே பார்த்தால், சிவாஜி இந்தியாவிலேயே வெல்ல முடியாத கோட்டை என்று இதைக் கருதினார் என்றும், ஆங்கிலேயர் கிழக்கின் டிராய் என்று அழைத்தார்கள் என்றும் சொல்வதன் காரணம் விளங்கும். பாலத்தின் மீது கூட்டமாக நின்று செல்பி எடுக்க வேண்டாம். அங்கே காற்று எதிர்பாராத வேகத்தில் வீசும்.

வெல்ல முடியாத கோட்டை என்ற புகழையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்துவிட்டார். மதிலின் வலிமை பெரும்பாலும் உள்ளே நிற்பவர்களின் எண்ணிக்கையையும் ஒற்றுமையையும் பொறுத்தது. 13 கிலோமீட்டர் மதிலைக் காக்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும். சிறுபடை காத்த கோட்டையில் அதன் பரப்பே பலவீனமாக மாறிவிட்டது.

உச்சியில் ரங்கநாதர் கோயில், களஞ்சியம், கருவூலம் எனப்படும் கட்டடம், மணிக்கூண்டு, பீரங்கி ஆகியவற்றைக் காணலாம். இவ்வளவு உயரத்திலும் பாறைச் சுனைகளில் தண்ணீர் ஊறியதுதான் இந்தக் கோட்டையின் உயிர். அந்தச் சுனைகளில் இறங்கவோ கால் கழுவவோ வேண்டாம். மணிக்கூண்டின் அருகே நின்று பார்த்தால் வடக்கே கிருஷ்ணகிரியும், கிழக்கே ஊரும் வயல்களும், மதில்கள் மலைக்கு மலை தாவிச் செல்லும் கோடும் முழுவதுமாகத் தெரியும். கீழே நீங்கள் தனித்தனியாகப் பார்த்த துண்டுகள் இங்கிருந்து பார்க்கும்போதுதான் ஒரே கோட்டையாக ஒன்றுசேரும். இறங்கும்போது முழங்காலுக்கு வேலை அதிகம் என்பதால், படியின் விளிம்பில் கால் வைக்காமல் பாதம் முழுவதும் பதிய வைத்து இறங்குங்கள்.

ஏழாம் படி: வேங்கடரமணர் கோயிலும் குளங்களும்

இறங்கி இளைப்பாறிய பின், உட்கோட்டைக்கு வெளியே கிழக்கே உள்ள வேங்கடரமணர் கோயிலுக்குச் செல்ல வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கர் கட்டிய இக்கோயில் செஞ்சியிலேயே பெரியது. கோபுர வாயிலின் இரு பக்கச் சுவர்களிலும் ராமாயணக் காட்சிகள், திருமாலின் அவதாரங்கள், பாற்கடல் கடைதல் என வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு கைப்பேசி டார்ச் இருந்தால் அந்தச் சிறு உருவங்களின் முகபாவம்வரை காணலாம். உள்ளே மண்டபங்களில் தூண்கள் குறைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. செஞ்சி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலத்தில் அழகிய ஒற்றைக்கல் தூண்கள் இங்கிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோகப்பட்டன. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் தூண்களே அவை. அடுத்த முறை அந்தக் கடற்கரையில் நடக்கும்போது, அவை எந்தக் கோயிலின் எலும்புகள் என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

அருகே சாதத்துல்லா கான் மசூதி நிற்கிறது. தேசிங்கை வென்ற அதே நவாபின் பெயரால், போருக்குச் சில ஆண்டுகளுக்குப் பின் எழுந்தது அது. தேசிங்கின் கதையை முழுமையாக எண்ணிப் பார்க்க ஏற்ற இடமும் இதுவே. வரலாறு சொல்வது சுருக்கமானது. தந்தை இறந்ததும் முகலாயப் பேரரசரின் பழைய ஆணையை நம்பித் தேஜ் சிங் செஞ்சியின் பொறுப்பை ஏற்றார், நவாப் சாதத்துல்லா கானோ நிலுவைத் தொகையைக் கேட்டு அவருடைய உரிமையை ஏற்க மறுத்தார். பேச்சு போராக முற்றியது. சில நூறு வீரர்களோடு பன்மடங்கு பெரிய படையை எதிர்த்த அந்த இருபத்திரண்டு வயது இளைஞர் 1714 அக்டோபர் 3 அன்று களத்தில் வீழ்ந்தார்.

தேசிங்குராஜன் கதைப்பாடல் இந்தச் சுருக்கத்துக்கு உடலும் உயிரும் கொடுத்தது. டெல்லியில் யாராலும் அடக்க முடியாத பாராசாரிக் குதிரையைத் தேசிங்கு அடக்கியது, திருமணக் கோலத்தில் இருந்த நண்பன் மகமத்கான் செய்தி கேட்டு மணமேடையை விட்டு எழுந்து போர்க்களம் வந்து உடன் மாண்டது, இளம் மனைவி உடன்கட்டை ஏறியது என எல்லாமே அந்தப் பாடலின் வழியாகத்தான் ஊர் ஊராகப் பரவின. ஓர் இந்து இளைஞனும் ஓர் இஸ்லாமிய இளைஞனும் கொண்ட நட்பைப் பாடலின் நடுநாயகமாக வைத்த நாட்டுப்புறப் பாடகர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். போர்க்களக் கணக்குகளைவிட அந்த நட்புதான் மூன்று நூற்றாண்டாக மக்கள் மனத்தில் நிற்கிறது. வென்ற நவாபே தேசிங்கின் மனைவியின் நினைவாக ஒரு ஊரை அமைத்தார் என்றும், அதுவே ராணிப்பேட்டை என்றும் மரபு கூறுகிறது.

அந்தக் கதையின் கடைசிக் காட்சிக்கு உரிய இடம் செட்டிக்குளம். அதன் கரையில் உள்ள மேடையில்தான் தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டது என்றும், அவர் மனைவி தீயிறங்கியதும் அங்கேதான் என்றும் சொல்கிறார்கள். அப்பால் சக்கரக்குளமும், அதனருகே கைதிகள் கிணறு என்று காட்டப்படும் பாறையும் இருக்கின்றன. பார்ப்பதற்குக் கிணறு போலவே இராது. பெரிய பாறை ஒன்றின் நடுவே இயற்கையாக அமைந்த குழியும், அதன் மேல்விளிம்பில் செங்கல் சுவரும் உள்ளன. மரணத் தண்டனை பெற்றவர்களை அதற்குள் தள்ளிப் பட்டினியால் சாகவிட்டார்கள் என்பது கதை. பாறைமீது ஏறி எட்டிப் பார்க்க முயல வேண்டாம், பிடிமானம் இல்லை.

கோட்டையில் எங்கே போனாலும் புதையல் கதை ஒன்று உங்கள் காதில் விழும். ஆனந்தக் கோனுக்குக் கிடைத்த செல்வத்தின் மிச்சம் இன்னும் எங்கோ இருக்கிறது என்ற அந்த நம்பிக்கை வெறும் பேச்சாக நின்றால் குற்றமில்லை. ஆனால் புதையல் தேடிப் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பதும், அதில் கிறுக்குவதும் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத்தண்டனைக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றங்கள். நாயக்கர் காலச் சுண்ணப்பூச்சின் மேல் இதயமும் இனிஷியலும் கீறப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது. அந்தப் பூச்சை யாராலும் மறுபடி அதே போல் செய்துவிட முடியாது.

எட்டாம் படி: கிருஷ்ணகிரி

சாலையைக் கடந்து வடக்கே சென்றால் கிருஷ்ணகிரிக்கான படிகள் தொடங்கும். ராஜகிரியைவிட உயரம் குறைவு, அரைமணி முதல் முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடலாம். உச்சியில் களஞ்சியங்களும், எண்ணெய் சேமித்து வைத்த கிணறும், ரங்கநாதர், கிருஷ்ணர் கோயில்களும், இஸ்லாமியப் பாணி வளைவுகளும் கவிகை மாடமும் கொண்ட அழகிய சபை மண்டபமும் உள்ளன. கூட்டம் குறைவு, நிழல் அதிகம். முழுநாளும் இல்லாமல், அரை நாள் மட்டுமே கையில் உள்ள குடும்பங்களுக்கு நான் சொல்வது, ராஜகிரியின் அடிவாரத்தையும் கிருஷ்ணகிரியின் உச்சியையும் பாருங்கள் என்பதே. ராஜகிரியின் முழு அமைப்பும் எதிர்மலையிலிருந்து பார்க்கும்போது நன்றாகத் தெரியும். சந்திரகிரிக்குச் சீரான பாதை கிடையாது. முட்புதரும் பாம்பும் உள்ள இடம் என்பதால் அதைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும்.

ஒன்பதாம் படி: சிங்கவரமும் திருநாதர்குன்றும்

நேரம் இருந்தால், அல்லது இரவு செஞ்சியிலோ திருவண்ணாமலையிலோ தங்கி மறுநாள் காலையில், கோட்டைக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிங்கவரத்துக்குப் போய்வாருங்கள். குன்றைக் குடைந்து செய்த பல்லவர் காலக் கருவறையில், ஏறத்தாழ 24 அடி நீளத்தில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். தேசிங்கின் குலதெய்வம் இவர்தான் என்றும், போருக்குப் புறப்படும் முன் அவர் வந்து உத்தரவு கேட்டபோது, போகாதே என்று சொல்வதுபோல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும், அந்தக் குறிப்பை ஏற்காமல் சென்றதால்தான் தேசிங்கு மாண்டார் என்றும் கதை. அர்ச்சகர் தீபத்தைக் காட்டும்போது பாருங்கள், முகம் உண்மையிலேயே சற்றுத் திரும்பியே இருக்கிறது. சிலை செதுக்கப்பட்டது தேசிங்குக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். அதாவது அந்த முகம் எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது, அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த மக்கள் தங்கள் இளவரசனின் சாவுக்கு அதில் ஒரு காரணம் கண்டார்கள். கல்லிலிருந்து கதை பிறக்கும் விதத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னோர் இடத்தை நான் அறியேன். கோட்டையிலிருந்து இக்கோயிலுக்குச் சுரங்கப்பாதை இருந்தது என்ற கதையையும் இங்கே கேட்பீர்கள். கோயில் நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் காலையிலேயே செல்ல வேண்டும்.

அதற்கு அருகில்தான் திருநாதர்குன்று இருக்கிறது. ஒரு பெரும் பாறையின் முகப்பில் சமணர்கள் வணங்கும் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசைகளாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பு இருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் பழமையான வட்டெழுத்துக் கல்வெட்டும் இங்கே உள்ளது. கோட்டையும் கோன்களும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த மலைகளுக்கு மனிதர்கள் வேறொரு நோக்கத்தோடு வந்திருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று. பெயர்ப்பலகை பார்த்துப் போய்விடலாம் என்று எண்ணாமல், சிங்கவரத்தில் விசாரித்துக்கொண்டு, ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஏறுங்கள். அங்கிருந்து திரும்பிச் செல்ல வேறு வண்டி எளிதில் கிடைப்பதில்லை.